மஞ்சளைச் சிவப்பாக்கினவ

ஒரு ஊர்ல ஒரு ஜெயசுதா இருந்தா, கண்ணு. ஊரு கோயம்புத்தூரு. ஆஸ்பத்திரியில நரம்பு வழியா மருந்து ஏத்துமே ஒரு சின்ன மெஷின், டிக்... டிக்...ன்னு சொட்டுச் சொட்டா, அதுக்குப் புரோகிராம் எழுதற கம்பெனியில அவளுக்கு வேலை. ம் கொட்டு, அப்பத்தான் சொல்லுவேன்.

அவங்க எழுதினதை முதல்ல கம்ப்யூட்டர் படிச்சுப் பாக்கும். சின்னத் தப்புன்னா மஞ்சள் வரி காட்டும், 'பாத்துக்கோ'ன்னு. பெரிய தப்புன்னா சிவப்பு வரி, அதோட நின்னுக்கும். எது மஞ்சள், எது சிவப்புன்னு நாமளே மாத்தி வச்சுக்கலாம். அங்க யாரும் மாத்தலை. தொள்ளாயிரம் மஞ்சள் வரி சரசரன்னு ஓடும், ஒருத்தரும் படிக்கமாட்டாங்க.

ஜெயசுதாவுக்கு மனசு கேக்கலை. எல்லா மஞ்சளையும் சிவப்பாக்கிட்டா. படக்குன்னு எல்லார் வேலையும் நின்னுபோச்சு. டீம் தலைவர் இருதயராஜ் வந்து திட்டிட்டுப் போனாரு.

அப்புறம், வந்த கோவத்துல எல்லா மஞ்சளையும் மறைச்சே வச்சுட்டா. திரை பளிச்சுன்னு இருந்துச்சு. ரெண்டே நாளுதான். சோதனை மேசையில ஒரு மெஷின் கிர்ருனு இழுத்து அப்படியே நின்னுபோச்சு. காரணம் என்னன்னா, அவ மறைச்ச வரியில ஒண்ணு.

அவளே போய்ச் சொன்னா. "நான்தான் சார் மறைச்சேன்."

இருதயராஜ், "ஒரு வாரம் எடுத்துக்கோம்மா. ஒண்ணொண்ணாப் படி"ன்னாரு.

திட்டுவாருன்னுதான் அவ போயிருந்தா. தூங்கிட்டியா? ம், சரி.

அப்போ மூணாவது தடவை உக்காந்தா. தொள்ளாயிரத்தையும் படிச்சா. ஒண்ணுமில்லாததை மறைச்சா, சந்தேகத்தை மஞ்சளா விட்டா, உயிருக்கு ஆபத்துன்னு தோணினதை மட்டும் சிவப்பாக்கினா.

மெஷின் எல்லாம் அனுப்பற அன்னிக்குக் காலையில வந்துச்சு ஒரு சிவப்பு. 'மருந்து எவ்வளவுன்னு அளவு வைக்காமலே ஓட்டச் சொல்றீங்க'ன்னு.

"இது எப்பவும் மஞ்சள்தானே? மாத்திவிடு, வண்டி காத்துட்டிருக்கு"ன்னாரு இருதயராஜ்.

"மாட்டேன் சார். கரண்ட் போய் வந்தா அந்த அளவு என்ன ஆகும்னு, ஒரே ஒரு தடவை புடுங்கிப் பாத்துடலாம்."

புடுங்கினாங்க. திரும்பச் சொருகினாங்க. மருந்துக்குப் பதிலா வச்சிருந்த, சொட்டுச் சொட்டா விழவேண்டிய தண்ணி சர்ர்ர்ருனு ஓடுச்சு. இருதயராஜே கீழ போய் வண்டியைத் திருப்பி அனுப்பினாரு. நாலு நாள்ல சரி பண்ணி, அப்புறம்தான் அனுப்பினாங்க.

மாசம் ஆறு போச்சு. ஒரு ஆஸ்பத்திரியில, பச்சைக்குழந்தைங்க வார்டுல, அவங்க மெஷினைப் பாக்க இருதயராஜ் போயிருந்தாரு. கையளவு குழந்தை ஒண்ணுக்கு மருந்து ஏறிட்டிருந்துச்சு. டப்புன்னு கரண்ட் போய், ஜெனரேட்டர் வந்துச்சு. மெஷின் ஓடலை. பீப், பீப்புன்னு கூப்பிட்டு, 'அளவு எவ்வளவு?'ன்னு கேட்டுச்சு. நர்ஸம்மா சீட்டைப் பாத்து அளவை அடிச்சாங்க. குழந்தை அசையாமத் தூங்குச்சு.

அவரு வெளிய வந்து போன் போட்டாரு. "ஜெயசுதா, அன்னிக்கு மாட்டேன்னு சொன்னியே, அதுக்கு நன்றிம்மா."

"நீங்கதான் சார் ஒரு வாரம் குடுத்தீங்க."

ரெண்டு பேருக்கும் போனை வைக்க மனசு வரலை.

அவ்வளவுதான் கண்ணு. கதையும் படுத்தாச்சு, நீயும் படுத்துக்கோ.