சடையாண்டியைப் பலி கொடுத்த ஆட்டம்

மந்தைக்குளத்து ஆட்கள் பேஸ்பால் ஆடிய கதையைக் கேளுங்கள். பக்கத்து ஊரோடு பந்தயம். தோற்ற ஊரில் ஒரு வருஷத்துக்கு யாரும் மீசை வைக்கக் கூடாது. சடையாண்டிக்கு அதுதான் கவலை. அவன் முகத்தில் மீசையை விட்டால் சொல்லிக்கொள்ள வேறொன்றும் கிடையாது.

இன்னும் ஒரே ஓட்டம் வந்தால் ஜெயம். ஓடுகிறவன் மிதித்து நிற்கும் மூட்டைகளில் கடைசியான மூன்றாவதில் மாசிலாமணி ஓடத் தயாராக நின்றான். மட்டை சடையாண்டி கையில். பந்தைக் குளத்துக்கு அந்தப் பக்கம் அனுப்புவதென்று காலையிலேயே முடிவு செய்திருந்தான்.

பயிற்சியாளர் தேவசகாயம் சார் ஓடி வந்தார்.

"பெரிய அடியெல்லாம் வேண்டாம்ப்பா. லேசா தட்டு. உன்னைப் பலி கொடுத்தாவது மாசிலாமணியை வீட்டுக்கு அனுப்பிடணும்!"

மட்டைக்காரன் தான் அவுட்டாகி இன்னொருவனை ஓடவிடுவதற்குத்தான் அந்த ஆட்டத்தில் பலி என்று பெயர். அவன் காலடியில் கிடக்கும் வெள்ளைப் பலகைதான் வீடு; ஓடுகிறவன் அதைத் தொட்டால் ஓட்டம். இதையெல்லாம் சொல்ல சாருக்குத் தோன்றவில்லை.

அணி கூடிப் பேசியது.

"பலின்னுட்டாரே. இன்னைக்குச் சனிக்கிழமை, ஆகுமா?" என்றான் கேப்டன் ஒச்சப்பன்.

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்குப்பா," என்றான் சடையாண்டி.

"மாசிலாமணிக்கு மூணு. அவன்தான் வீட்டுக்குப் போகணும்."

நியாயம்தான். சடையாண்டி தலையைக் குனிந்து கொடுத்தான். மாலை போட்டு, தலையில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். குளிரில் தலையைச் சிலுப்பினான்.

"உத்தரவு கிடைச்சிருச்சு!" என்று குலவை போட்டார்கள்.

பந்து வந்தது. சடையாண்டி ஆசையையெல்லாம் அடக்கிக்கொண்டு, தூளியில் கிடக்கும் பிள்ளையைத் தட்டுவதுபோல் தட்டினான். பந்து காலடியிலேயே படுத்துக்கொண்டது. கண்ணை மூடிக் கழுத்தை நீட்டினான்.

யாரும் வெட்டவில்லை. கண்ணைத் திறந்தால், மாசிலாமணி வேலியைத் தாண்டி ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்தான்.

நடுவர் வெள்ளைப் பலகையையே வெகுநேரம் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார். "ஓடினவன் வீட்டைத் தொடலை. அவுட்!"

"தொட்டிருப்பான் சார். வந்து பாருங்க," என்றான் ஒச்சப்பன்.

"வீடு மைதானத்துக்குள்ள இருக்கணும்யா!"

"அவ்வளவுதானே?" என்று மொத்த அணியும் ஊருக்குள் ஓடியது.

கொஞ்ச நேரத்தில் ஒரு கீற்றுக் குடிசை மைதானத்துக்குள் நடந்து வந்தது. முன்காலைச் சடையாண்டி தூக்கியிருந்தான். உள்ளே மாசிலாமணி, சோற்றுத் தட்டும் கையுமாகக் குடிசையோடு சேர்ந்து நடந்தான்.

"வீட்டையே கொண்டு வந்தாலும் அவுட்டு அவுட்டுதான்!" என்று நடுவர் கத்தினார்.

மாசிலாமணி சன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "என்ன சார் பேசறீங்க? வீட்டுக்குள்ளேயே இருக்கிறவன் எப்படி அவுட்டு?"

நடுவர் யோசித்தார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சரிபார்க்க உள்ளே போனார்.