கனவில் கண்ட கொலுசு

ஆம்பல்குளத்து ஜமீன்தார் வீரபூபதிக்கு மத்தியானத் தூக்கத்தில் ஒரு கனவு வந்தது. அவர் மனைவி குளத்துத் தண்ணீர்மேல் நடந்து போகிறாள். காலில் ஒரு வெள்ளிக் கொலுசு, மூடுபனியை முறுக்கிச் செய்ததுபோல் மினுங்குகிறது. விழித்ததும் வெள்ளி வேலை செய்யும் நாகலிங்க ஆசாரியைச் சபைக்கு வரவழைத்தார்.

"அதே கொலுசு வேண்டும். வேலைப்பாடு நினைவில்லை. ஆனால் கொஞ்சம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவேன். பௌர்ணமிக்குள் வராவிட்டால் உன் பட்டறையை இழுத்து மூடிவிடுவேன்."

ஆசாரியோடு கூட வந்திருந்த செண்பகவடிவு, நாற்பது வயதுக்குமேல் அவரிடம் தொழில் கற்க வந்தவள். அவள் ஊதுகுழலை எடுத்தால் மோதிரமாக வேண்டிய வெள்ளி உருகி உருண்டையாகிவிடும். பட்டறை போனால் அவளுக்கும் போக்கிடமில்லை.

"எசமான், கனவில் அதைச் செய்தது யார்?" என்று மெல்லக் கேட்டாள்.

"உன் ஆசாரிதான்."

"எசமானுக்குப் பிடித்திருந்ததா?"

"பிடித்ததாவது! இந்த முத்துமாலையையே கழற்றி இவன் கழுத்தில் போட்டேனே!" என்று ஜமீன்தார் சபையைப் பெருமையாகப் பார்த்தார்.

"அந்த மாலை இன்னும் எங்கள் ஆசாரி கைக்கு வரவில்லை, எசமான். அது கனவிலிருந்து எந்த வழியாக வருமென்று காட்டுங்கள். பின்னாலேயே கொலுசும் வந்துவிடும்."

சபையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். ஜமீன்தாரின் கை கழுத்து முத்துகளை இறுகப் பற்றிக்கொண்டது.

"இப்போது நினைத்துப் பார்த்தால், அது வேறு யாரோ கண்ட கனவு போலிருக்கிறது" என்றார் ஜமீன்தார்.