கயிற்றின் மறுமுனை

“இனிமேல் என்னை யாராவது நம்புவாங்களாம்மா?”

ஆண்டியப்பன் கேட்டபோது உமையாள் குடிலின் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவனைவிடப் பதினைந்து வயது இளையவள். காவி உடுத்தியதில்லை, உபதேசம் செய்ததுமில்லை. ஆனாலும் அவளைக் குருவாக எண்ணி மூன்று மாதமாக அங்கேயே கிடந்தான்.

“வெயில் எப்படி இருக்கு?” என்றாள்.

“இப்பவே கொளுத்துதும்மா.”

“அப்பச் சுனைக்குப் போய்க் குளிச்சிட்டு வருவோம். கயிற எடுத்துக்குங்கண்ணே.”

ஆண்டியப்பன் எழுந்திருக்கவில்லை. அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு நடக்கத் தொடங்கிய பிறகுதான் எழுந்தான்.

அந்தச் செம்மண் காட்டில் பங்குனி தாண்டினால் தண்ணீர் இருப்பது மலைமேல் உள்ள மூன்று சுனைகளில்தான். ஒவ்வொன்றும் பாறைக்குள் இறக்கி வைத்த பானை மாதிரி. இறங்கிவிடலாம். பாசி பிடித்த சுவரில் ஏறிவர முடியாது. அதனால் இருவராகத்தான் போவார்கள். ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு குளிப்பார். மற்றவர் கரையில் பிடித்து நின்று, கடைசியில் மேலே இழுப்பார். பிறகு ஆள் மாறும்.

ஒன்பது வருடத்துக்கு முன் தம்பி வீரணனுக்குக் கயிறு பிடித்தவன் ஆண்டியப்பன். பாதி ஏறிவந்த வீரணன் வழுக்கினான். கயிறு சடாரென்று உருவியது. உள்ளங்கை எரிந்தது. ஆண்டியப்பன் விட்டுவிட்டான்.

பாறையில் தலை மோதிய சத்தம் மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகும் அவன் ஊராரோடு சுனைக்குப் போவதுண்டு. எல்லோருடைய சோற்று மூட்டைக்கும் காவல் இருப்பான். யாரும் அவனிடம் கயிற்றைக் கொடுத்ததில்லை. அவனும் குளித்ததில்லை.

கருவேலங்காட்டைத் தாண்டும்போது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த செல்லாயி அவர்களைப் பார்த்தாள். கயிற்றையும் பார்த்தாள்.

“ஏம்மா, வேற ஆளே கிடைக்கலையா? இவரு கையில நாங்க ஆட்டுக்குட்டியக்கூடக் குடுக்கமாட்டோம்.”

“அப்படியா?” என்றாள் உமையாள்.

“ஊருல கேட்டுப்பாரு.”

“இவரும் அதைத்தான் சொன்னாரு.”

உமையாள் நடந்தாள். ஆண்டியப்பன் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனான்.

முதல் சுனையில் வெடித்துப்போன சேறு. இரண்டாவதில் ஒரு கை தண்ணீர், அதைச் சுற்றித் தேனீக்கள். இந்த வருடம் மூன்றாவதும் வற்றியிருக்க வேண்டும் என்று அவன் வேண்டிக்கொண்டே ஏறினான்.

மூன்றாவது வற்றவில்லை. இரண்டாள் ஆழத்தில் கரும்பச்சைத் தண்ணீர். அடி தெரியவில்லை.

உமையாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் முடிந்துகொண்டு, மறுமுனையை நீட்டினாள்.

ஆண்டியப்பன் அதை வாங்கி, பாறைப் பிளவில் வேர்விட்டிருந்த மரத்தில் சுற்றத் தொடங்கினான்.

“என்ன செய்றீங்க?”

“மரத்துல கட்டிடுறேம்மா. மரம் விடாது.”

“விடாது. இழுக்குமா?”

அவன் கை நின்றது.

“உங்களுக்கு நீச்சலாவது தெரியுமாம்மா?”

“தெரியாது.”

ஆண்டியப்பன் மரத்திலிருந்து கயிற்றைப் பிரித்தான். இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டான். பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

“அம்மா, அன்னைக்கும் நான் விடணும்னு விடலை. இன்னைக்கும் விட்டாலும் விட்டுருவேன்.”

‘விடமாட்டீங்க’ என்று அவள் சொல்வாள் எனக் காத்திருந்தான்.

உமையாள் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டாள்.

“ஆமாண்ணே,” என்றாள். “விட்டாலும் விட்டுருவீங்க.”

சொல்லிவிட்டு இறங்கினாள்.