எட்டாவது கட்டம்

அடுத்தவர் கழற்றிக் கொடுத்த ஷூவுக்குள் துணியை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் தணிகாசலம் ஐயாவை முதலில் பார்த்தேன். கனமான பந்தை உருட்டி ஆடுகிற இந்தப் பவுலிங்குக்கு வருகிறவர்கள் சொந்தச் செருப்போடு உள்ளே போகக் கூடாது. அடிப்பாகம் வழுவழுப்பாக இருக்கிற ஷூவை நாங்கள் கொடுப்போம். ஆடி முடித்துத் திருப்பித் தந்ததும் உள்ளே மருந்து அடித்து, விரல் நுனி வரை துடைத்து, அதனதன் நம்பரில் அடுக்க வேண்டும். அது என் வேலை.

ஐயா கவுண்டர் முன்னால் வந்து நின்றார். ஒரு கையில் பந்துப் பை. இன்னொரு கையில் மடித்த காகிதம்.

"ஹசீனா கோச் இருக்காங்களாம்மா?"

எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது. கையைக் காட்டினேன்.

இங்கே குரு என்று யாரையும் சொல்வதில்லை, கோச் என்றுதான். ஹசீனா கோச்சுக்கு முப்பது வயது இருக்கும். ஐயாவுக்கு அறுபத்து மூன்று. ஐயாவின் மகள் கயற்கண்ணி நாலு வருஷமாக இந்தக் கோச்சிடம்தான் ஆடினாள். கயல் என்று கூப்பிடுவோம். மற்றவர்கள் ஷூவைக் கவுண்டரில் தூக்கிப் போட்டுவிட்டுப் போவார்கள். அவள் நாடாவை முடிந்து என் கையில் கொடுப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஆடிக்கொண்டிருந்தவள், தலை வலிக்கிறது என்று நடுவில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனாள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். வெள்ளிக்கிழமை அவள் இல்லை. இருபத்தாறு வயது.

காரியம் முடிந்த பிறகு அவளுடைய பந்தையும், அன்றைக்கு அவள் ஆடிய மார்க் தாளையும் கோச்தான் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தத் தாளைத்தான் ஐயா இப்போது விரித்துப் பிடித்தார்.

"அவ ஆடினதுல இந்தக் கட்டம் மட்டும் ஏன் கோச் காலியா இருக்கு?"

கோச் தாளைப் பார்க்கவில்லை.

"ஒரு ஆட்டத்துக்குப் பத்துக் கட்டம் அப்பா. ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிர்ல பாட்டில் மாதிரி பத்து பின் நிக்கும். தள்றதுக்கு ரெண்டு பந்து. ரெண்டு பந்துலயும் சேத்துப் பத்தும் விழுந்துட்டா, உடனே மார்க் எழுத மாட்டோம். அடுத்த பந்துல எத்தனை விழுதுன்னு பாத்து, அதையும் சேத்துத்தான் எழுதுவோம்."

"கயல் எத்தனை தள்ளினா?"

"எட்டாவது கட்டத்துல முதல் பந்துல ஆறு. ரெண்டாவதுல மிச்சம் நாலு. அதுக்கு அடுத்த பந்து போடல."

"போட்டிருந்தா?"

"மார்க் வந்திருக்கும்."

ஐயா தாளை மடித்தார். மறுபடி விரித்தார்.

"நான் ரயில் தபால்ல முப்பத்தாறு வருஷம் ஊர்வாரியா கடிதம் பிரிச்சவன். ஓடற வண்டியில நின்னுக்கிட்டே பிரிக்கணும். ஒருத்தர் பாதியில இறங்கிட்டா, அவர் விட்ட பையை அடுத்து ஏறினவர் பிரிச்சு முடிக்கணும். முடிக்காம பையைக் கட்டக் கூடாது. அதுதான் முறை. அந்த ஒரு பந்தை நான் போடறேன் கோச். வருஷ நாளைக்கு அவ ஆடின எட்டுக் கட்டமும் முழுசாகி இந்தத் தாள் அவ படத்துக்கு முன்னால இருக்கணும். எனக்குச் சொல்லிக் குடுங்க."

"பந்து போடக் கத்துக்கணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

கோச் என் பக்கம் திரும்பினார். "குணவதி, அப்பாவுக்கு ஒம்பதாம் நம்பர் எடு."

ஐயா பையைத் திறந்து பந்தை எடுத்தார். கயலின் பந்து ஊதா நிறம். அவள் விரலுக்கு அளவெடுத்துத் துளை போட்டது. ஐயாவின் விரல் முதல் கணுவிலேயே நின்றுவிட்டது.

"இந்தத் துளையைப் பெரிசு பண்ண முடியுமா?"

"முடியும்."

"அப்ப பண்ணிடலாம் கோச்."

கோச் பந்தை வாங்கினார். துணியால் துடைத்தார். பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து அவர் கையிலேயே கொடுத்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு கறுப்புப் பந்தைத் தூக்கி வந்தார்.

"இது யாருது?"

"யாருதும் இல்ல. வர்றவங்க எல்லாரும் போடறது."

ஆனால் அந்தப் பந்தையும் ஒரு மாதம் அவர் கையில் கொடுக்கவில்லை. வெறும் கையோடு நடக்க வைத்தார். நாலே அடி. வலது காலில் ஆரம்பித்து, நாலாவது அடியில் இடது காலில் வழுக்கி, கறுப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட வேண்டும். கோட்டைத் தாண்டினால் மணி அடிக்கும். எத்தனை பின் விழுந்தாலும் செல்லாது.

ஐயாவுக்கு முதல் வாரம் முழுக்க மணிதான் அடித்தது.

எங்கள் மேனேஜர் ஸ்டீபன் சார் வேண்டுமென்றே அந்தப் பக்கம் நடப்பார். "என்ன பெரியவரே, கோலாட்டமா?"

"கோல் குடுத்தாத்தானே தம்பி? வெறுங்கையோட விட்டுட்டாங்க உங்க கோச்."

பந்து கைக்கு வந்ததும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போட்டார். பாதி வழியிலேயே அது ஓரத்துப் பள்ளத்தில் விழுந்து, பின்களை எட்டிக்கூடப் பார்க்காமல் பின்னால் போய்ச் சேர்ந்தது. அடுத்த இரண்டும் அப்படியே. அதற்கடுத்ததில் இரண்டு பின் விழுந்தன. மெஷின் வந்து விழுந்ததைக் கூட்டித் தள்ளி, பத்தையும் புதிதாக அடுக்கி வைத்துவிட்டுப் போனது.

"நிக்கறதைத் தள்றதுக்கு நாம. தள்ளினதை நிக்க வைக்க ஒரு மெஷின். இதுக்கு ரெண்டு பேரும் சும்மா இருக்கலாமே கோச்?"

கோச் சிரித்துவிட்டார். கயல் போன பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"கோச், நான் எங்க பாக்கணும்? அந்தப் பின் அறுபதடி தள்ளி நிக்குது. கண்ணே சரியாத் தெரியல."

"பின்னைப் பாக்காதீங்க. இங்க பதினஞ்சடியில தரையில அம்பு போட்டிருக்கே, அதைப் பாருங்க. பந்து அது மேல போகணும்."

"அம்பைப் பாத்தா பின் எப்படி விழும்?"

"அது பந்தோட வேலை. உங்க வேலை அம்பு வரைக்கும்தான்."

அவர் ஒரு பழக்கத்தை மட்டும் விடவே இல்லை. பந்து கையை விட்டுப் போன பிறகும், அது இடது பக்கம் ஒதுங்கினால் இவர் உடம்பை வலது பக்கம் சாய்ப்பார். தோளை இழுப்பார். ஒற்றைக் காலில் நின்று முறுக்குவார். புதிதாக ஆடுகிற எல்லாரும் செய்வதுதான். மற்றவர்கள் ஒரு மாதத்தில் விட்டுவிடுவார்கள்.

"அப்பா, அது போயாச்சு."

"தெரியுது கோச். உடம்பு கேக்க மாட்டேங்குது."

கோச் அதற்குப் பிறகு அதைப் பற்றிச் சொல்லவில்லை.

ஒருநாள் இரண்டு பேரும் கவுண்டர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஐயா டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"காரியத்தன்னைக்கு என் தங்கச்சி சொன்னா. பாவம் அண்ணே, அவ எதையுமே முடிக்காமப் போயிட்டாளேன்னு. கல்யாணம் இல்ல, குழந்தை இல்ல. வேலையிலயும் அப்பத்தான் நிரந்தரம் ஆகப் போறதாச் சொன்னாங்க. தங்கச்சி நல்ல மனசோடதான் சொன்னா. எனக்குத்தான் அது இங்க உக்காந்துக்கிச்சு." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "அதான் ஒண்ணையாவது முடிச்சு வைக்கலாம்னு பாக்கறேன்."

கோச்சின் டீ ஆடை படிந்து அப்படியே இருந்தது. டம்ளரை எடுக்கப் போன நான், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன்.

பத்து மாதம் போனது. ஐயா ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை. மழையில் நனைந்துகொண்டு வந்த நாள் உண்டு. ஆறு, ஏழு, சில நாள் ஒன்பதுகூட விழத் தொடங்கியது. ஸ்டீபன் சார் கோலாட்டத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

வருஷ நாள் அன்று காலை பதினோரு மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. வீட்டில் படையல் போட்டாயிற்று, இந்தத் தாள் போய்ச் சேர்ந்த பிறகுதான் எல்லாரும் சாப்பிட உட்காருவார்கள் என்றார். வார நாள் என்பதால் வேறு யாரும் ஆட வரவில்லை. பந்து ஓடுகிற பாதைகளில், கயல் கடைசியாக ஆடிய மூன்றாவது லேனில் விளக்கைப் போட்டுக் கொடுத்தார்கள்.

"மேல பேர் வருமே கோச், அதுல கயல்னு போடுங்க."

கோச் கீபோர்டில் அடித்தார். மேலே திரையில் தணிகாசலம் என்று வந்தது.

"என் பேர் எதுக்கு?"

"நீங்கதானே அப்பா போடறீங்க. போடுங்க."

ஐயா முகம் சுருங்கியது. ஆனாலும் பந்தை எடுத்தார். கண்ணை மூடி ஏதோ சொல்லிக்கொண்டார். நாலு அடி. வழுக்கி நின்றார். மணி அடிக்கவில்லை. பந்து அம்பின் மேலேயே போனது. ஏழு பின் விழுந்தன. மெஷின் இறங்கி விழுந்ததைக் கூட்டித் தள்ளிவிட்டு, மிச்சத்தை மறுபடி வைத்தது. வலது ஓரத்தில் மூன்று.

ஐயா திரும்பி வேகமாக வந்தார். தாளை மேசையில் விரித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

"பத்தோட ஏழு, பதினேழு. எழுதுங்க கோச். உங்க கையால எழுதுங்க."

கோச் பேனாவை வாங்கினார். மூடியைத் திறக்கவில்லை.

"இது உங்க ஏழு அப்பா."

"அவளுக்காகப் போட்டது."

"தெரியும்."

"அப்புறம் என்ன? எழுதுங்க."

கோச் மேலே திரையைப் பார்த்தார். ஐயாவின் பெயருக்கு நேராக ஏழு என்று இருந்தது.

"அதை நீங்கதானே மாத்திப் போட்டீங்க! நான் கயல்னுதானே போடச் சொன்னேன்?" ஐயாவின் குரல் அவ்வளவு பெரிதாக நான் கேட்டதில்லை. "பத்து மாசம் எதுக்கு நடக்க வச்சீங்க? முதல் நாளே முடியாதுன்னு சொன்னா நான் போயிருப்பேனே. வயசானவனை வச்சு வேடிக்கை பாத்தீங்களா?"

நான் ஷூவைக் கீழே வைத்துவிட்டேன்.

கோச் பேனாவை மேசையில் மெதுவாக வைத்தார்.

"அவ போன மறுநாள் நான் இங்க வந்தேன் அப்பா. ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, இதே லேன்ல, அவளுக்குன்னு ஒரு பந்து போட்டேன். எட்டு விழுந்துச்சு. தாள்ல பதினெட்டுன்னு எழுதினேன்."

ஐயா குனிந்து தாளில் தேடினார். "எங்க? இதுல இல்லையே."

"இது மறுபடி கம்ப்யூட்டர்ல எடுத்த தாள். அதைக் கிழிச்சுட்டேன். எழுதிட்டுப் பாத்தா, அது கயல் ஆடின ஆட்டமா இல்ல."

ஐயா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தாளின் மேல் கையை வைத்தார். தபால் பிரித்த கை, விரல்கள் தாளின் ஓரத்தைத் தாமாகவே நேராக்கின.

தாளைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்ப அவ கட்டம் காலியாவே கிடக்கட்டுமா?"

"கிடக்கட்டும் அப்பா."

"இதை முடிக்கணும்னுதான் தினமும் காலையில எந்திரிச்சேன். பல் விளக்கினேன், சட்டை போட்டேன், பஸ் ஏறினேன். இப்ப முடிக்கவே முடியாதுங்கறீங்க." தாளை மடிக்கப் போய் நிறுத்தினார். "இனிமே நான் என்ன பண்ணுவேன் கோச்?"

கோச் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. லேனின் கடைசியைப் பார்த்தார்.

"மூணு பின் நிக்குது அப்பா. உங்களுக்கு இன்னொரு பந்து இருக்கு."

அதுவரை எங்கோ சிக்கிக் கிடந்த பந்து திரும்பி வருகிற சத்தம் பாதையில் கடகடவென்று கேட்டது. கறுப்புப் பந்து உருண்டு மேலே ஏறி வந்து அவர் முழங்கால் பக்கத்தில் நின்றது. அவர் அதைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். நாற்காலியின் கையை ஊன்றி எழுந்திருப்பது போல இருந்தது. அப்போது ஸ்டீபன் சார் வாசலிலிருந்து, "குணவதி, ஸ்கூல் பிள்ளைங்க வந்துட்டாங்க, சின்ன ஷூ எல்லாம் எடுத்துட்டு வா" என்று கூப்பிட, நான் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்ப்பதற்குள் ஐயாவின் கை பந்தின் மேல்…