பிடிபடப் போனவர்

ரோமச் சக்கரவர்த்தியின் சேவகர்கள் கிறிஸ்தவ சபையின் குருக்களையும் தொண்டர்களையும் தேடித் தேடிப் பிடித்த காலம் அது.

ஒரு துறைமுக நகரில் லூக்கியு என்ற திருத்தொண்டர் இருந்தார். ஆராதனையில் அர்ச்சித்த நற்கருணை அப்பத்தை நோயாளிகளின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் பணி. பதினோரு நாளாகக் கதவைத் தாழிட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தார். தெருவில் நாய் ஓடினாலும் சேவகர் ஓடி வருவதாகவே கேட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே.

பன்னிரண்டாம் நாள் அவர் ஆயர் அமோனிடம் வந்து நின்றார். ஆயர் வயதில் இளையவர். ஆனாலும் அந்த நகரச் சபைக்கு அவர்தான் தலைவர்.

“ஆசீர்வதியுங்கள், தந்தையே. ஆளுநரிடம் நானே போய்ப் பிடிபடப் போகிறேன்.”

“சேவகர் உம்மைத் தேடி வந்தார்களா?”

“வீட்டுக்குள் இன்னும் வரவில்லை.”

“தேடி வராதபோது தானாகப் போய்ச் சிக்குகிற திருப்பணியாளர் பதவி இழப்பார். சபையின் விதி அது.”

லூக்கியுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “விசுவாசத்துக்காகச் சாகப் போகிறவனுக்கா தண்டனை?”

“விசுவாசமா உம்மை அனுப்புகிறது?”

லூக்கியு தரையைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், பாவம்.

“இல்லை, பயம்தான். மூன்று நாளாக யாரோ என் கதவைத் தட்டுகிறார்கள். நான் கட்டிலுக்கடியில் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கிறேன். இப்படித் தினம் தினம் சாவதைவிட ஒரேயடியாகப் போய்விடலாம்.”

அப்போது ஆயரின் கதவை யாரோ தட்டினார்கள்.

லூக்கியு மூலையில் போய் ஒண்டிக்கொண்டார். ஆயரின் முகமும் வெளுத்துப்போனது. ஆனாலும் எழுந்துபோய்த் திறந்தார்.

வாசலில் படகோட்டியின் மனைவி மரினா நின்றாள். உள்ளே லூக்கியுவைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

“ஐயா, இங்கேயா இருக்கிறீர்கள்? மூன்று நாளாக உங்கள் கதவைத் தட்டினேனே. தெருமுனையில் சேவகர் நின்றார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடப் பயம். நோயில் கிடந்த என் வீட்டுக்காரர் கடைசிவரை அப்பம் கேட்டார். இன்று விடியற்காலையில் போய்விட்டார். அடக்கம் பண்ணவாவது வருவீர்களா?”

லூக்கியு ஆயரிடம் திரும்பினார்.

“தந்தையே, கதவைத் திறக்காத திருத்தொண்டருக்கு என்ன விதி? அதைச் சொல்லுங்கள்.”

“அதைப் பிறகு பார்க்கலாம். இப்போது இவளோடு போம்.”

“போகிற வழியில் அந்தத் தெருமுனையில் சேவகர் நிற்கிறார்களாமே!”

“அவர்களைத் தாண்டித்தானே இந்த அம்மாள் மூன்று நாளும் வந்தாள்” என்றார் ஆயர்.