மைக் செட்டுக்கு வந்த ஏலம்

கடவுள் புத்தியைப் பங்கு வைத்த அன்றைக்கு வெள்ளியங்கிரியும் அவன் தம்பிகள் இருவரும் எங்கேயோ மைக் செட் கட்டப் போயிருந்தார்கள் போலிருக்கிறது. மற்றபடி தங்கமான பிள்ளைகள். கடன் வாங்கிக் குழாய் ஸ்பீக்கர் வாங்குவார்கள். அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கி இன்னொரு குழாய் வாங்குவார்கள். கடைசியில் தலைக்கு மேல் வெள்ளம் போனதும், மஞ்சக் கடுதாசி கொடுத்துத் திவாலாகிவிடலாம் என்று வக்கீல் கோதண்டத்திடம் போய் நின்றார்கள்.

வெள்ளியங்கிரிக்கு ஒரே கவலைதான். வீடு வாசல் போனால் போகட்டும், மைக் செட் போய்விட்டால் அவன் உயிரோடு இருந்து என்ன பிரயோசனம்?

வக்கீல் பொறுமையாக விளக்கினார். கைமாத்து, சீட்டுக் கடன் எல்லாம் இதோடு தீரும். வேனின் பேரில் வாங்கிய கடனுக்கு வேன் போய்விடும். பிரிந்த மனைவிக்குக் கட்டும் ஜீவனாம்சத்தை மட்டும் எந்தக் கோர்ட்டும் தள்ளுபடி செய்யாது. கட்டின துணியையும் தொழில் சாமானையும் எவனும் தொட முடியாது. ஆனால் பொய் சொன்னால் ஜெயில்தான்.

மைக் செட் பிழைத்தது என்று வெள்ளியங்கிரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். அறிவாளிகள் அல்லவா, வீட்டுக்கு வந்து யோசனை செய்தார்கள்.

"கோர்ட்டே கை வைக்க முடியாதது ஜீவனாம்சம்தானுங்கண்ணா. நம்மகிட்ட அது துளிகூட இல்லியே" என்று நடுத்தம்பி பட்டீஸ்வரன் வருந்தினான். குடும்பத்தின் நன்மைக்காகத் தன்னைக் கொஞ்சம் தள்ளி வைக்கும்படி மனைவியிடம் போய்க் கெஞ்சினான். அவள் அகப்பையால் பதில் சொன்னாள்.

சின்னவன் சென்னியப்பனுக்கு மூளை இன்னும் பெரிசு. "தொழில் சாமானைத் தொட மாட்டாங்கன்னா, எல்லாச் சாமானுக்கும் ஒரு தொழில் வெச்சுட்டாப் போச்சு" என்றான்.

ஆளுக்கொரு தொழிலைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். டி.வி. பார்ப்பது பட்டீஸ்வரனுக்கு. ஃபிரிட்ஜில் ஐஸ் தண்ணீர் எடுத்துக் குடிப்பது சென்னியப்பனுக்கு. மூத்தவன் என்ற மரியாதையில் ஊஞ்சல் ஆடுவது வெள்ளியங்கிரிக்கு.

ஜப்தி செய்ய வந்த கோர்ட்டு அமீனா வாசலிலேயே நின்றுவிட்டார். ஜன்னல் திரை, தலையணை உறை, போர்வை என்று வீட்டில் இருந்த அத்தனை துணியையும் கட்டிக்கொண்டு மூன்று பேரும் மும்முரமாகத் தொழில் செய்துகொண்டிருந்தார்கள். சென்னியப்பனுக்கு மட்டும் பல் கிட்டித்துப் போயிருந்தது.

"நீங்க மைக் செட்காரங்கதானே?" என்று அமீனா கேட்டார்.

வெள்ளியங்கிரி தம்பிகளைப் பார்த்தான். யார் பங்கிலும் மைக் செட் வரவில்லை. பொய் சொன்னால் ஜெயில். ஊஞ்சலை நிறுத்தாமல் சொன்னான்:

"இல்லீங். நான் ஊஞ்சல் ஆடறவனுங்க."

அப்படியா சங்கதி என்று அமீனா மைக் செட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஏலம் சந்தைத் திடலில். எப்படியாவது மீட்டுவிடுவது என்று, திவாலான கையோடு மறுபடியும் கைமாத்து வாங்கி மடியில் முடிந்துகொண்டு போனான் வெள்ளியங்கிரி. செட் பாடுகிறதா என்று காட்ட வேண்டுமே! குழாயைத் திடலின் கோடியில் புளியமரத்தில் கட்டி, மைக்கை அவன் கையிலேயே கொடுத்தார் அமீனா. இத்தனை வருஷம் அவன் மைக் கட்டித்தான் பழக்கம். பேசினதெல்லாம் மற்றவர்கள்.

"ஆயிரம்" என்றான்.

ஆயிரம் என்றது புளியமரம்.

யாரோ போட்டிக்கு வந்துவிட்டான். வெள்ளியங்கிரி இரண்டாயிரம் என்றான். அவனும் விடவில்லை. இவன் ஐயாயிரம் என்றபோது அவன் இன்னும் சத்தமாகக் கேட்டான். மடியில் இருந்த கடைசி ரூபாய் வரை கேட்டுப் பார்த்தாகிவிட்டது. மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஏலம் கேட்கிற பணக்காரனிடம் யார் மல்லுக்கு நிற்பது? தம்பிகளும் வேண்டாம் விடுங்கண்ணா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வெள்ளியங்கிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீங்களே எடுத்துக்குங்க சாமி. நல்லா வெச்சுப் பொழைங்க" என்றான்.

அந்த மகராசனும் தழுதழுத்த குரலில் அதையே திருப்பிச் சொன்னான்.

இவ்வளவு நல்ல மனுஷன் கைக்குத்தான் போகிறது என்று வெள்ளியங்கிரி நிம்மதியாக ஊஞ்சல் ஆட வீட்டுக்குக் கிளம்பினான்.