கதிர் போகும் பாதை

"ஊர் ஜனங்க என்னை நம்ப மாட்டேங்கிறாங்க அம்மா," என்றார் பூதலிங்கம்.

செண்பகவல்லி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "எதை நம்பலை?"

"காத்து வழியா கரண்ட் வரும்னா நம்புறாங்க. ஆபத்தில்லைன்னா நம்பலை."

இருவரும் ஒரே கல்லூரியில் பொறியியல் படித்தவர்கள். படிப்பு முடிந்ததும் செண்பகவல்லி இந்த மலைக்கு வந்து ஆசிரமம் அமைத்துத் துறவியானார். பூதலிங்கம் ஊர் ஊராக வேலை பார்த்துவிட்டு, மனைவி இறந்த பிறகு அவரிடமே சீடராக வந்து சேர்ந்தார்.

எதிர் மலையில் ஒரு சிற்றூர். முக்கால்வாசி நாள் பனிமூட்டம். சோலார் தகடு அங்கே பயன்படாது. கம்பி இழுக்க நடுவிலுள்ள காட்டை அழிக்க வேண்டும். டீசல் ஜெனரேட்டர் புகையில் பிள்ளைகள் இருமிக்கொண்டே வளர்ந்தார்கள்.

பூதலிங்கத்துக்கு அது பொறுக்கவில்லை. ஆசிரமத்துச் சரிவில் தகடுகளைப் பரப்பினார். வெயிலில் கிடைத்த மின்சாரத்தை அலைக்கதிராக மாற்றிப் பள்ளத்தாக்குக்கு மேலே அனுப்பும் கருவியைச் செய்தார். அதை வாங்கி மறுபடி மின்சாரமாக்கும் இரும்புச் சட்டத்துக்கு எதிர் மலையில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது: பெண்கள் தண்ணீருக்குப் போகும் பாதையோரம்.

"நிஜமாவே ஆபத்தில்லையா?"

"துளிகூட இல்லை. எல்லாம் அளந்து பார்த்தாச்சு."

செண்பகவல்லி அரிவாள்மணையை மடக்கி வைத்தார். "வா, போகலாம்."

எதிர் மலையில் ஊரே கூடியிருந்தது. பூதலிங்கம் ஆசிரமத்துக் கருவியை இயக்கும் ரிமோட்டை அழுத்தினார். சட்டத்தில் கட்டியிருந்த விளக்கு பளிச்சென்று எரிந்தது.

ஊர்க்காரர்கள் யாரும் பாதைக்குள் கால் வைக்கவில்லை.

செண்பகவல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், பாதையில், சட்டத்துக்கு நேர் முன்னால் நின்றார்.

விளக்கு அணைந்தது.

பூதலிங்கம் குனிந்து தன் கையைப் பார்த்தார். அவருடைய கட்டைவிரல்தான் அணைத்திருந்தது. அணைக்க வேண்டும் என்று அவர் நினைக்கக்கூட இல்லை.

"ஏன் அணைச்சே?"

"நீங்க... நீங்க கதிருக்குள்ளே வந்துட்டீங்க."

தண்ணீர்க்குடத்தோடு நின்ற ஒரு பெண் மெல்லப் பின்னால் நகர்ந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் நகர்ந்தார்கள்.

பூதலிங்கம் எத்தனை வீட்டு வாசலில் நின்று ஆபத்தில்லை என்று சத்தியம் செய்திருக்கிறார். அப்போதெல்லாம் குரல் பிசிறியதே இல்லை.

"மறுபடியும் போடு," என்றார் செண்பகவல்லி.

விரல் அசையவில்லை.

"அளவு தப்பா?"

"இல்லைம்மா. அளவு சரிதான்."

"அப்புறம்?"

பூதலிங்கம் பாதைக்கு நடந்துபோய், ரிமோட்டைக் குருவின் கையில் வைத்து, அவரை மெல்ல ஓரத்துக்கு நகர்த்தினார். அவர் நின்ற இடத்தில் தான் போய் நின்றார்.

"நீங்க போடுங்க."

செண்பகவல்லி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அழுத்தினார்.

விளக்கு மறுபடி எரிந்தது. பூதலிங்கம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். காதுக்குள் தன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"அவங்க பயம் உனக்கும் தெரிஞ்சுதுல்ல? இப்போ அவங்ககிட்டே பேசு," என்றார் குரு.